பிள்ளை நன்றாக ஷட்டில் ஆடுகிறானா? எதைப் பார்த்துச் சொல்வது?

கடந்த ரமலானில் ஓர் இரவு, தராவீஹ் முடிந்து தெருவிளக்கு வெளிச்சத்தில் பிள்ளைகள் ஷட்டில் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒரு தகப்பனார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பன்னிரண்டு வயது மகன் ஆடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "காக்கா, இவன் அடிச்சா ஒருத்தனும் எடுக்க மாட்டேங்குறான். டவுன்ல ஒரு அகாடமி இருக்காம். சேத்து விட்டுரலாமான்னு பாக்குறேன். நீங்க என்ன சொல்றீங்க?" என்றார். மாதக் கட்டணம், போய்வரும் செலவு, பேட், ஷூ, இறகு காக் எல்லாம் சேர்ந்தால் அவருடைய சின்னக் கடையின் வருமானத்தில் பெரிய பங்கு போய்விடும். மகளின் பள்ளிக் கட்டணமும் அதே பையிலிருந்துதான் போக வேண்டும். அதனால்தான் கேட்டார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. அவர் பார்த்தது மகனின் ஸ்மாஷை. நான் பார்த்தது வேறு. ஆட்டம் முழுவதும் இடது பின்மூலைக்குப் போன காக் ஒன்றைக்கூட அந்தப் பையன் சரியாக எடுக்கவில்லை. பேட்டைத் தோசைத் திருப்பியைப் பிடிப்பதுபோல் தட்டையாகப் பிடித்திருந்தான். அந்தப் பிடியில் நெட்டுக்குப் பக்கத்தில் வரும் காக்கைப் பலமாக அறையலாம். வேறொன்றும் செய்ய முடியாது. அவன் முன்னால் நின்றே ஆடியதற்கும் அதுதான் காரணம்.

தெருவில் ஸ்மாஷ் எடுபடுவதில் வியப்பில்லை. நாம் கட்டும் கயிறு நடுவில் தொங்கும், கோடு கிடையாது, நீளமும் குறைவு. முறையான களம் 13.40 மீட்டர் நீளம். ஒற்றையர் ஆட்டத்துக்கு அகலம் 5.18 மீட்டர், இரட்டையருக்கு 6.10 மீட்டர். நெட் ஓரத்தில் 1.55 மீட்டர், நடுவில் 1.524 மீட்டர் உயரம். அந்தப் பரப்பில் ஒரு பக்கத்தைத் தனியாளாகக் காக்க வேண்டும் என்று வரும்போது, ஸ்மாஷ் பத்துத் திறமைகளில் ஒன்றாகிவிடுகிறது.

இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கல்லூரியில் படிக்கும்போது எங்கள் விடுதியில் என்னை வெல்ல ஆளில்லை. மாவட்டத் தேர்வுக்குப் போனேன். எதிரே நின்ற பையன் என்னைவிட ஒல்லி, ஸ்மாஷ் அடிக்கவே இல்லை. முதல் ஐந்து புள்ளிகளுக்குள் என் பேக்ஹேண்ட் மூலையைக் கண்டுபிடித்துவிட்டான். பிறகு ஆட்டம் முடியும்வரை காக்கை அங்கேயே அனுப்பிக்கொண்டிருந்தான். எனக்கு ஒரு குறை இருக்கிறது என்பதே அன்றுவரை எனக்குத் தெரியாது. யாரும் பார்த்துச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஒரு பிள்ளையின் ஆட்டத்தை எடைபோடும்போது ஒவ்வோர் அடியையும் மூன்று படியில் பார்க்கச் சொல்வேன். நின்ற இடத்தில், கைக்கு வந்த காக்கை அப்படி அடிக்க முடிகிறதா? ஓடிப்போய் அடிக்க முடிகிறதா? ஆட்டத்தில், அதுவும் பின்தங்கியிருக்கும்போது, அதே அடியை அடிக்கத் துணிகிறானா? பல பெற்றோர் முதல் படியைப் பார்த்துவிட்டு மூன்றாம் படி இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். பயிற்சியில் அழகாக டிராப் போடும் பிள்ளை, ஆட்டத்தில் ஒன்றுகூடப் போடாமல் எல்லாவற்றையும் தூக்கி அடித்தால் அந்த டிராப் இன்னும் அவனிடம் வந்து சேரவில்லை என்றுதான் பொருள்.

சோதிக்கப் பெரிய கருவி வேண்டாம். சுண்ணாம்புக் கோடு போட்ட களம், ஒரு நோட்டு, காக்கை எடுத்துப்போட ஒரு ஆள் போதும்.

சர்வீஸிலிருந்து தொடங்குங்கள். எதிராளியின் தொந்தரவு இல்லாமல் நம் இஷ்டப்படி அடிக்கக் கிடைக்கும் அடி அது ஒன்றுதான். நெட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் ஒரு நூலைக் கட்டுங்கள். குறுகிய சர்வீஸ் அந்த இடைவெளிக்குள் போய், நெட்டிலிருந்து 1.98 மீட்டரில் இருக்கும் முன்கோட்டைத் தாண்டி விழ வேண்டும். பத்தில் எத்தனை என்று எழுதுங்கள். முன்பெல்லாம் இடுப்புக்குக் கீழே அடிக்க வேண்டும் என்றிருந்த விதி 2018 முதல் மாறி, அடிக்கும்போது காக் முழுவதும் தரையிலிருந்து 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும் என்றாகியிருக்கிறது. கதவு நிலையிலோ கம்பத்திலோ அந்த உயரத்தில் ஒரு கோடு போட்டுவைத்தால் பிள்ளைக்கே விளங்கும்.

அடுத்து டாஸ். பின்கோட்டிலிருந்து எதிர்ப் பின்கோடுவரை உயரத் தூக்கி அடிப்பதை நம் பக்கத்தில் இப்படித்தான் சொல்கிறோம். களத்தின் கடைசியில் இரண்டு கோடுகளுக்கு நடுவே 76 செ.மீ. பட்டை ஒன்று இருக்கிறது. பத்து டாஸில் எத்தனை அந்தப் பட்டைக்குள் விழுகின்றன? பத்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அவ்வளவு தூரம் வலு இருக்காது. அவர்களுக்கு ஒரு மீட்டர் உள்ளே வேறு கோடு போட்டுக்கொள்ளலாம். டாஸ் எட்டாத பிள்ளைக்கு வலு இல்லை என்று உடனே முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் பிடிதான் கோளாறு. கை குலுக்குவதுபோல் பேட்டைப் பிடித்தால் முன்கை திருகிச் சுழல முடியும், அடியின் வேகம் அங்கிருந்து வருகிறது. தோசைத் திருப்பிப் பிடியில் முன்கை சுழலாது, தோள் மட்டும் பாடுபடும். இரண்டு வருடம் அப்படி ஆடிய பிள்ளை, தோள் வலிக்கிறது என்று வந்து நிற்பான்.

நெட் ஆட்டம், டிராப், எதிராளியின் ஸ்மாஷைத் தடுத்துப் போடுவது, மார்பளவில் வேகமாகப் பறக்கும் டிரைவ் ஆகியவற்றையும் இதேபோல் பத்துப் பத்தாக எண்ணலாம். ஒரு எச்சரிக்கை: ஒரு மாதம் நைலான் காக்கிலும் அடுத்த மாதம் இறகுக் காக்கிலும் எண்ணினால் கணக்கு ஒத்துவராது. 16 இறகு கொண்ட காக் நெட்டில் உருளும் விதமும், வேகம் தணிந்து விழும் விதமும் வேறு. எதில் தொடங்கினீர்களோ அதிலேயே தொடருங்கள்.

கையைவிடக் காலை அதிக நேரம் பாருங்கள். காக் இல்லாமலே, களத்தின் ஆறு மூலைகளுக்கும் (முன்னால் இரண்டு, பக்கவாட்டில் இரண்டு, பின்னால் இரண்டு) நீங்கள் விரல் காட்டும் திசையில் போய்த் திரும்பி நடுவுக்கு வரச் சொல்லுங்கள். அரை நிமிடத்தில் எத்தனை மூலை என்று எண்ணலாம். ஆனால் எண்ணைவிட முக்கியமானவை வேறு இரண்டு. எதிராளி அடிக்கும் நொடியில் பிள்ளை ஒரு சின்னத் துள்ளல் போட்டுத் தயாராகிறானா? நெட்டுக்குப் பாயும்போது கடைசி அடியில் குதிகால் முதலில் பதிகிறதா, முழங்கால் பாதத்தின் திசையிலேயே மடங்குகிறதா? முழங்கால் உள்ளே சாய்ந்தால் இன்றைக்கு வலிக்காது, பின்னால் வலிக்கும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால்கூடத் தெரிந்துவிடும். நல்ல காலாட்டம் உள்ள பிள்ளையின் பாதத்தில் சத்தம் குறைவு. தொம் தொம் என்று கேட்டால் உடம்பின் பாரம் குதிகாலில் நிற்கிறது.

இனி ஆட்டத்தைப் படிக்கும் அறிவு. இதைச் சோதிக்கக் கைப்பேசி உதவும். பிள்ளை ஆடுவதைக் களத்துக்குப் பின்னாலிருந்து படம்பிடியுங்கள். வீட்டில் போட்டுக் காட்டும்போது, எதிராளி அடிக்கப்போகும் தருணத்தில் நிறுத்தி, "இது எங்கே வரும்?" என்று கேளுங்கள். பிறகு, "நீ எங்கே போட்டிருக்கலாம்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்குக் கை இன்னும் பழகவில்லையென்றாலும் பரவாயில்லை, பழக்கிக்கொள்ளலாம்.

இந்தச் சோதனைகள் எல்லாவற்றையும்விட எனக்குப் பயன்பட்டது ஒரு பழைய முறை. நோட்டில் களத்தின் ஒரு பாதியை வரைந்து ஆறு கட்டமாகப் பிரியுங்கள். பிள்ளை இழக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும், அவன் கடைசியாக எந்தக் கட்டத்தில் இருந்த காக்கை அடித்தான் அல்லது விட்டான் என்று அங்கே ஒரு குறி போடுங்கள். நெட்டில் அடித்தால் 'நெ', வெளியே அடித்தால் 'வெ', எட்டவே இல்லையென்றால் 'எ'. மூன்று ஆட்டம் எழுதினால் போதும், படம் தெளிந்துவிடும். கற்றுக்கொள்ளும் வயதில் புள்ளிகள் பெரும்பாலும் எதிராளியின் திறமையால் போவதில்லை, நம் பிள்ளையின் தவறால்தான் போகின்றன என்பதும் அந்தத் தாளிலேயே தெரியும். வென்ற ஆட்டத்துக்கும் இதை எழுத வேண்டும். வென்றுவிட்டான் என்று தாளை மடித்து வைத்தால், எனக்கு நேர்ந்ததுதான் அவனுக்கும் நேரும்.

அந்தத் தகப்பனாரிடம் இந்தத் தாளைத்தான் கொடுத்தேன். பத்து நாள் எழுதிக்கொண்டு வந்தார். மூன்று ஆட்டத்தில் இடது பின்மூலையில் மட்டும் பதினாறு குறி. பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

சரி, குறை தெரிந்துவிட்டது. எதை முதலில் திருத்துவது? எல்லாவற்றையும் ஒன்றாகத் திருத்தப் போனால் பிள்ளை குழம்பிவிடுவான். ஆறு வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடி தவறாக இருந்தால் அதுதான் முதல். அடுத்து கால். அடி அதற்கும் பின்னால்தான். அந்தப் பையனின் பின்மூலைச் சிக்கலுக்கு நான் பேக்ஹேண்ட் கற்றுக்கொடுக்கவில்லை. பிடியை மாற்றி, அந்த மூலைக்குச் சீக்கிரம் போய்ச் சேர்ந்து, தலையைச் சுற்றி முன்கையாலேயே அடிக்கும் காலடியைத்தான் முதலில் பழக்கினேன். சரியான நேரத்தில் போய்ச் சேர்ந்தால் பேக்ஹேண்ட் தேவைப்படும் தருணங்களே பாதியாகக் குறைந்துவிடும். முன்கோட்டுக்குப் பக்கத்தில் வரும் பேக்ஹேண்டுக்குக் கட்டைவிரலைப் பிடியின் அகலமான பக்கத்தில் அழுத்திப் பிடிக்கக் கற்பது மட்டும் உடனே தேவை.

இந்த இடத்தில் பெற்றோருக்கு ஒரு சோதனை வரும். பிடியை மாற்றிய பிள்ளை உடனே மோசமாக ஆடுவான். நேற்றுவரை தான் வென்ற பையன்களிடம் தோற்பான். பழைய பிடிக்கு ஓடிப்போகத் துடிப்பான். வேலி ஓரம் நிற்கும் நாமும், "ஏன்டா, நல்லாத்தானே அடிச்சிட்டிருந்த?" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவோம். அந்த ஒரு வார்த்தையில் மூன்று வாரப் பயிற்சி போய்விடும். அந்த மாதங்களில் போட்டிக்கு அனுப்பாமல் இருப்பது நல்லது. அனுப்பினாலும் ஜெயித்தானா என்று கேட்காமல், அந்த மூலைக்கு எத்தனை முறை போய்ச் சேர்ந்தான் என்று கேளுங்கள். கேள்வி மாறினால் பிள்ளையின் கவனமும் மாறும்.

பயிற்சியை ஆட்டமாகவே வைக்கலாம். ஸ்மாஷ் கூடாது என்று ஒரு விதி போட்டு 11 புள்ளிக்கு ஆடச் சொல்லுங்கள். ஸ்மாஷை நம்பியே ஆடிய பிள்ளை முதல் நாள் திணறுவான். இரண்டாம் வாரம் டிராப்பும் டாஸும் மாற்றி மாற்றி வரத் தொடங்கும். நீளவாக்கில் பாதிக் களத்தில் மட்டும் ஆடினால் முன்னும் பின்னும் ஓடும் கால் பழகும். நெட்டுக்கும் முன்கோட்டுக்கும் இடையே மட்டும் ஆடினால் விரல் நயம் வரும். பழைய காக் இருபதைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஒருவர் வரிசையாக எறிய, பிள்ளை ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிப்பது காசில்லாத நல்ல பயிற்சி. தன்னைவிடச் சிறியவர்களோடு ஆடும் நாளும் வேண்டும். தோற்றுவிடும் பயமில்லாதபோதுதான் பிள்ளை புது அடியை முயன்று பார்ப்பான்.

எல்லா அடியும் எல்லோருக்கும் ஒரே அளவில் வர வேண்டும் என்பதும் இல்லை. 1980இல் பிரகாஷ் படுகோன் ஆல் இங்கிலாந்துப் பட்டம் வென்றபோது எதிரே நின்றவர், பாய்ந்து எழும்பி ஸ்மாஷ் அடிப்பதற்குப் பெயர்போன இந்தோனேசியாவின் லீம் ஸ்வீ கிங். படுகோன் அவரோடு வேகத்தில் போட்டி போடவில்லை. வேகத்தைக் குறைத்து, அடியை மறைத்து, இடம் பார்த்துப் போட்டு 15-3, 15-10 என்று நேர் செட்டில் வென்றார். அவர் சிறுவயதில் பழகியது பெங்களூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் என்பது நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய செய்தி. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய தவ்ஃபீக் ஹிதாயத்துக்கோ, எல்லோரும் ஒளித்துவைக்கும் பேக்ஹேண்டே ஆயுதம். அந்தப் பக்கத்திலிருந்து ஸ்மாஷே அடிப்பார். இரட்டையர் ஆட்டத்தில் 2013, 2015, 2019 என மூன்று முறை உலகப் பட்டம் வென்ற முஹம்மது அஹ்சான், ஹேந்த்ரா செத்தியாவான் இணையில் ஒருவர் பின்னாலிருந்து பலமாக அடிப்பார். மற்றவர் நெட்டருகே நின்று மெதுவாகத் தட்டி முடிப்பார். உங்கள் பிள்ளையின் தாளில் நெட்டருகே குறியே இல்லையென்றால், இரட்டையர் ஆட்டத்தில் அவனுக்கோ அவளுக்கோ ஒரு இடம் காத்திருக்கிறது.

அவளுக்கோ என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. பெண் பிள்ளைகளை அழைத்து வரும் உம்மாமார்கள் முதலில் கேட்பது உடையைப் பற்றித்தான். உலக சம்மேளனம் 2011இல் பெண்களுக்குப் பாவாடை கட்டாயம் என்று ஒரு விதி கொண்டுவரப் பார்த்தது. எதிர்ப்பு வரவே 2012இல் கைவிட்டது. டோக்கியோ ஒலிம்பிக்கில் ஈரானின் சுரையா அகாயி தலையை மறைத்த உடையோடுதான் ஆடினார். ஈரானிலிருந்து ஒலிம்பிக் இறகுப்பந்துக்குப் போன முதல் பெண் அவர். முழுக்கைச் சட்டையும், காலில் சிக்காத கால்சட்டையும், பின் குத்தாமல் தலையோடு ஒட்டி நிற்கும் துணியும் இருந்தால் ஆட்டத்துக்கு ஒரு குறையும் இல்லை. மேலே சொன்ன சோதனைகளில் ஒன்றுகூடப் பெண் பிள்ளைகளுக்கு வேறு இல்லை.

செலவைப் பற்றி. விலை உயர்ந்த பேட் கடைசியாக வாங்க வேண்டிய பொருள். இளம் பிள்ளைகளுக்கு எடை குறைந்த, நரம்பு அதிகம் இறுக்காத பேட் போதும். இறுக்கினால் வேகம் கூடும் என்பது தவறு. பலம் இல்லாத கையில் இறுகிய நரம்பு கையைத்தான் நோகடிக்கும். காசை ஷூவுக்குக் கொடுங்கள். ஓடுவதற்கான தடித்த ஷூ பக்கவாட்டில் திரும்பும்போது கணுக்காலைப் புரட்டிவிடும். தட்டையான, வழுக்காத ரப்பர் அடியுள்ள ஷூ வேண்டும். சிமென்ட் தரையில் தினமும் துள்ளினால் முழங்கால் தாங்காது, வாரத்தில் இடைவெளி விடுங்கள். பன்னிரண்டு முதல் பதினைந்து வயதில் பிள்ளைகள் திடீரென்று உயர்வார்கள். கை கால் நீண்டு, பழகிய அடியெல்லாம் சில மாதம் தப்பும். திறமை போய்விட்டதாக நினைத்துத் திட்ட வேண்டாம். அந்த வயதில் முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து வலித்தால் ஆட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள்.

அகாடமி கூடாது என்று நான் சொல்லவில்லை. சேர்ப்பதற்கு முன் ஒரு நாள் போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். ஒரு களத்தில் எத்தனை பிள்ளைகள்? ஒரு மணி நேரத்தில் உங்கள் பிள்ளை வயதுள்ள ஒருவன் எத்தனை நிமிடம் காக்கைத் தொடுகிறான்? பயிற்சியாளர் பிடியையும் காலையும் திருத்துகிறாரா, கைப்பேசியில் இருக்கிறாரா? "உங்க பிள்ளைக்கு இன்னென்ன வருது, இன்னென்ன வரலை" என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது சொல்வார்களா? சேர்ந்த முதல் மாதமே போட்டிக்குப் பணம் கட்டச் சொல்லும் இடமென்றால் இன்னும் ஒருமுறை யோசிக்கலாம்.

அந்தப் பையன் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின வாரம் மறுபடியும் மூன்று ஆட்டம் ஆடினான். வாப்பாவே உட்கார்ந்து எழுதினார். இடது பின்மூலையில் குறி ஏழு. மூன்றில் இரண்டு ஆட்டம் தோற்றிருந்தான், ஆனால் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தது அவன்தான். இப்போது அவனுடைய சிக்கல் குறுகிய சர்வீஸ்: பத்துக்கு மூன்று. அகாடமிப் பேச்சை அரையாண்டுத் தேர்வு விடுமுறைக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அதுவரை வீட்டு முற்றத்தில் நூல் கட்டிச் சர்வீஸ் போடுகிறான். தங்கை காக்கைப் பொறுக்கிக் கொடுப்பதாகச் சொன்னார்கள். போன வாரம் போய்ப் பார்த்தபோது அவள் பொறுக்கிக் கொடுக்கவில்லை, பேட்டோடு எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

ஆறு கட்டத் தாள் தேவைப்படுவோர் ஞாயிறு அஸருக்குப் பிறகு திடலில் வாங்கிக்கொள்ளலாம். பிள்ளையையும், முடிந்தால் அதே காக்கையும் அழைத்து வாருங்கள்.